பல் கொடுத்த புண்ணியவான்

பெட்டியைத் திறந்ததும் முதலில் சிரித்தது அந்தப் பல்தான். அதற்குப் பிறகு மொஹிதீன் ஹாஜியாரின் துணிக்கடையில் வெகுநேரம் வேறு யாரும் சிரிக்கவில்லை.

நான் மபாஸ். பதுளை பஸார் வீதியில் ஓட்டோ ஓட்டுவது என் தொழில். என் சாச்சி, அதாவது சின்னம்மா, ஸித்தி ஸுபைதா துப்பறியப் போகும் இடங்களுக்கெல்லாம் காசு வாங்காமல் ஓட்டுவது என் தலையெழுத்து. சாச்சி ஹாஜியாரின் கடைக்கு மேல்மாடியில் தையல் கடை வைத்திருக்கிறார். காணாமல் போன மாப்பிள்ளைக் கோட்டு ஒன்றையும், மூன்று பேர் சொந்தம் கொண்டாடிய ஒரே குடையையும் கண்டுபிடித்துக் கொடுத்த பிறகு, பஸாரில் எது தொலைந்தாலும் பொலீசுக்குப் போகும் முன் அவருடைய மாடிப்படியில்தான் ஏறுகிறார்கள். அன்று சனிக்கிழமை காலை பதினொரு மணிக்கு அவரே கீழே இறங்கி வர வேண்டியதாயிற்று.

விஷயம் இதுதான். பெரகலைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் மண் சரிந்து முப்பத்தெட்டுக் குடும்பங்கள் ஒரு பள்ளிக்கூடத்தில் தங்கியிருந்தன. ஹாஜியார் தலைவராக இருக்கும் நலன்புரிச் சங்கம் அவர்களுக்குச் சாமான் சேர்த்தது. இரண்டு இடத்தில் பெட்டி வைத்தார்கள். ஒன்று இந்தக் கடை வாசலில். மற்றது தெமோதரைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றின் பிள்ளைக் காம்பராவில், அதாவது கொழுந்து பறிக்கப் போகிற தாய்மார் குழந்தைகளை விட்டுச் செல்லும் இடத்தில். இரண்டு பெட்டிக்கும் மேலே ஒட்டுவதற்கு இரண்டு நோட்டீஸ்களைச் சாச்சியே தன் கையால் எழுதிக் கொடுத்தார். தன் கையெழுத்தில் அவருக்குள்ள பெருமை கொஞ்சநஞ்சமில்லை. கடைப்பெட்டியில் போர்வை, அரிசி, பருப்பு, உடுப்பு என்று நிரம்பி வழிந்தது. தெமோதரைப் பெட்டியில் இருந்தவை நூற்றுப் பதினான்கு டூத் பிரஷ், முப்பத்தேழு பற்பசை, ஒரு குவியல் பற்பொடி, பொட்டலம் கட்டிய கரித்தூள், வேப்பங்குச்சிக் கட்டு ஒன்று, நாக்கு வழிக்கிற தகடுகள் ஆறு. எல்லாவற்றுக்கும் மேலே ஒரு கைக்குட்டைக்குள் மேல்வரிசைப் பல் செட்.

அந்தப் பெட்டியைத் தெமோதரையிலிருந்து பஸ்ஸில் கொண்டுவந்தவர் ஹிஷாம். ஹாஜியாரின் கடையில் பன்னிரண்டு வருடமாக வேலை செய்கிறவர். மூன்று பெண் பிள்ளைகளின் தகப்பன். ஹாஜியார் ஒரே முடிவாக இருந்தார். தோட்டத்துச் சனம் போர்வையும் அரிசியும்தான் கொடுத்திருப்பார்கள், ஹிஷாம் அதை வழியில் விற்றுவிட்டு மலிவான டூத் பிரஷ்ஷை வாங்கிப் பெட்டியை நிரப்பியிருக்கிறார் என்றார். அதைக் கடைக்கு வந்த வாடிக்கையாளர்கள் முன்னிலையில், லொறிச் சாரதியின் முன்னிலையில், என் முன்னிலையில் சொன்னார். ஹிஷாமின் முகத்தை அப்போது பார்க்க எனக்கே கூச்சமாக இருந்தது.

"நான் பெட்டிய வச்சேன், நோட்டீஸ அடிச்சேன், இன்டைக்குக் காலையில கட்டித் தூக்கிட்டு வந்தேன். உள்ளுக்குப் பார்க்கக்கூட இல்ல" என்றார் ஹிஷாம். "நோட்டீஸுக்கு நாலு மூலைக்கும் ஆணி அடிச்சி, காத்துக்கு ஊதுதென்டு நடுவிலயும் ஒன்டு அடிச்சேன். அவ்வளவு பாத்துப் பாத்துச் செஞ்சவன் களவெடுப்பனா மொதலாளி?"

ஹாஜியார் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். சாமான் ஏற்றிய லொறி பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு பெரகலைக்குக் கிளம்ப வேண்டும். அஸர் பாங்கு சொல்வதற்குள் உண்மை வெளியே வராவிட்டால் ஹிஷாம் நாளையிலிருந்து கடைப்பக்கம் வரக்கூடாது என்றார். தர்மச் சாமானைத் திருடினவன் என்று பெயர் வந்தவனுக்குப் பஸார் வீதியில் வேறு எந்தக் கடையும் வேலை தராது. அது அங்கே நின்ற எல்லோருக்கும் தெரியும்.

"தோட்டத்துக்கு ஒரு போன் போட்டுக் கேட்டாச் சரி" என்றேன் நான்.

போனில் பேசுகிறவன் ஹிஷாமின் கூட்டாளியாக இருக்கலாம் என்றார் ஹாஜியார். தெமோதரையில் ஹிஷாமைத் தெரியாதவர்கள் கிடையாது.

சாச்சி அதுவரை பல்லையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அதைக் கைக்குட்டையோடு எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார்.

"பிரஷ் கடையில வாங்கலாம். பற்பசை கடையில வாங்கலாம். பெட்டிய நிரப்ப ஒருத்தன் கடையில போய்ப் பல் செட் வாங்குவானா ஹாஜியார்? இதுக்கு ஒரு வாய் இருக்கு. அந்த வாய்தான் சாட்சி. இந்தப் பல் எந்த வாயில சரியாப் பொருந்துதோ அந்த ஆள் பெட்டியில வேற என்னென்ன இருந்திச்சென்டு சொல்லுவார். அவர் பொய் சொல்லுறாரா இல்லையான்னு வாயைத் திறந்தாலே தெரியும்."

சரி, அந்த வாயைக் கொண்டுவந்து காட்டுங்கள் என்றார் ஹாஜியார். வாசலில் லொறியின் பக்கவாட்டில் சாரதி ஒரு பெனரைக் கட்டிக்கொண்டிருந்தான். பன்னிரண்டு அடி நீளம். அதில் 'அல்ஹாஜ் எம். எஸ். எம். மொஹிதீன் அவர்களின் அன்பளிப்பு' என்ற எழுத்துகள் அடுத்த ஊரான ஹாலிஎல வரைக்கும் தெரியும் போலிருந்தன. மண்சரிவு என்ற சொல் மூலையில் எங்கோ ஒடுங்கிக் கிடந்தது.

*

தெமோதரைக்குப் போகிற வழியில், ஓட்டோ ஹாலிஎலையைத் தாண்டும்போது சாச்சி கைக்குட்டையை மடியில் விரித்தார். அதில் மூன்று துப்பு இருப்பதாகச் சொன்னார். எனக்குப் பல் மட்டும்தான் தெரிந்தது.

ஒன்று, ஓரத்தில் வெற்றிலைக் கறை. ஆகவே சொந்தக்காரர் வெற்றிலை போடுகிறவர். இரண்டு, பல்லை நன்றாகக் கழுவி, துவைத்த கைக்குட்டையில் சுற்றி, பக்கத்தில் ஒரு சிட்டிகை உப்பும் பொட்டலம் கட்டி வைத்திருக்கிறார்கள். தவறிப்போய் விழுந்த பல் இப்படி வராது. இது யாரோ பார்த்துப் பார்த்து வழியனுப்பி வைத்த பல்.

"மூணாவது?" என்றேன்.

சாச்சி ஒரு துண்டுக் கடதாசியை நீட்டினார். கைக்குட்டைக்குள் இருந்ததாம். பென்சிலால் ஒரே ஒரு சொல் எழுதியிருந்தது: அரைப்பேர்.

சாச்சி இப்படி விளங்கப்படுத்தினார். கொடுத்தவர் கூச்ச சுபாவம் உள்ளவர். வலது கை கொடுப்பது இடது கைக்குத் தெரியக் கூடாது என்று நினைக்கிறவர். அதனால் முழுப் பெயரை எழுத விரும்பவில்லை, பாதிப் பெயர் போதும் என்று முடிவு செய்திருக்கிறார்.

"சரி சாச்சி, அந்தப் பாதிப் பெயர் எங்க?"

"எழுத மறந்திட்டார்."

"அரைப் பெயர் எழுதுறேன்னு தலைப்பு மட்டும் போட்டுட்டு மனுசன் எழும்பிப் போயிட்டாரா? எங்கட பாடசாலையில நானும் இப்படித்தான் பரீட்சை எழுதினேன்."

சாச்சி என் பின்மண்டையில் தட்டினார். வளைவில் ஓட்டோ கொஞ்சம் ஆடியது. ஹிஷாமின் மானம் போகப் போகிறது, உனக்கு விளையாட்டு என்று அவர் ஏசியது சரிதான். எனக்கும் உள்ளுக்குள் பயம்தான். ஹிஷாம் எனக்கு ஓட்டோ லைசன்ஸ் எடுக்க நாள் பூராவும் கூட வந்து நின்றவர். ஆனால் பயந்தால் நான் இன்னும் கூடுதலாகத்தான் பேசுவேன், அது என் வியாதி.

தெமோதரை ஸ்டேஷனுக்குக் கீழே லத்தீபின் தேநீர்க் கடை இருக்கிறது. சாச்சி நேரே அங்கே போகச் சொன்னார். அவருடைய கணக்கு எளிமையானது. பல் இல்லாதவர் பல்லைத் தேடி அலையமாட்டார், சாப்பாட்டை மாற்றுவார். ஒரு வாரத்துக்குள் சாப்பாட்டை மாற்றின வெற்றிலைக்காரர் யார் என்று கடைக்காரரிடம் கேட்டால் போதும்.

லத்தீப் பண்டாரவளையிலிருந்து வந்து கடையை எடுத்து ஒரு மாதம்தான் ஆகிறது. முகங்கள் தெரியும், பெயர்கள் இன்னும் தெரியாது. ஆனாலும் கேட்டவுடன் சொன்னார். ஒரு பெரியவர், காதில் கடுக்கன் போட்டவர், தினமும் காலையில் தேங்காய் ரொட்டி இரண்டு தின்பார். புதன்கிழமையிலிருந்து ரொட்டியைத் தொடுவதில்லை. பாண் துண்டைத் தேத்தண்ணியில் ஊறப்போட்டு, ஊறப்போட்டு விழுங்குகிறார். இன்றைக்கும் வந்தார்.

"பேர் கேட்டீங்களா?" என்றார் சாச்சி.

"நான் கேக்கல்ல. அவரே போகக்குள்ள 'இன்னைக்கு அரைப்பேர்' என்டு சொல்லிட்டுப் போனவர்."

சாச்சியும் நானும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். எழுத்தில் மட்டுமல்ல, பேச்சிலும் இந்த மனுசன் பாதிப் பெயரோடுதான் நடமாடுகிறார்.

பக்கத்து வாங்குப் பலகையில் ஒரு பெண் தேநீர் குடித்துக்கொண்டிருந்தாள். காலடியில் வெறும் கொழுந்துக் கூடை. சாச்சி அவள் பக்கம் திரும்பி, அந்தப் பெரியவர் ஏன் முழுப்பேர் சொல்வதில்லை என்று மரியாதையாகக் கேட்டார்.

"முழுப்பேரா? முழுப்பேருன்னா பதினெட்டுக் கிலோ எடுக்கணும்க்கா" என்றாள் அவள்.

"இங்க பேர் கிலோக் கணக்கிலயா?" என்றேன் நான்.

"பின்ன? எனக்கு நேத்து முழுப்பேரு. இன்னைக்கு அரைப்பேரு. மழ புடிச்சிக்கிட்டா சில நாளு பேரே இல்ல."

சாச்சி தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தார். சுகமில்லாதவர்களை விசாரிக்கும் குரலில், இப்போது உங்களுக்குப் பேர் இருக்கிறதா என்று மெதுவாகக் கேட்டார்.

"ஜெயலெட்சுமி."

"அது முழுப்பேரா, அரைப்பேரா?" என்றேன்.

ஜெயலெட்சுமி ஒரு நிமிடம் எங்களை மாறி மாறிப் பார்த்தாள். பிறகு வாயில் இருந்த தேநீர் மூக்கால் வரும் வரைக்கும் சிரித்தாள். லத்தீப் தண்ணீர் கொண்டுவந்து கொடுக்க வேண்டியதாயிற்று.

அவள் சொல்லித்தான் விளங்கியது. தோட்டத்தில் பேர் என்றால் ஒரு நாள் சம்பளம். காலையில் வேலைக்குக் கூடுகிற பெரட்டில் ஆள் கணக்கெடுத்துப் பேர் பதிவதால் வந்த வழக்கம். முழு வேலைக்கு முழுப்பேர். மத்தியானத்தோடு நிறுத்தினால் அரைப்பேர். பதுளையில் பிறந்து வளர்ந்து, தோட்டங்களால் சூழப்பட்ட ஊரில் முப்பத்து நான்கு வருடமாக வாயையும் சில வருடமாக ஓட்டோவையும் ஓட்டுகிறேன், இந்தச் சொல் என் காதில் விழுந்ததே இல்லை. சாச்சிக்கும்தான். அவருடைய காது நுனி சிவந்ததைப் பார்த்தேன்.

இன்றைக்கு அந்தப் பிரிவில் எல்லோருக்குமே அரைப்பேர் என்றாள் ஜெயலெட்சுமி. பிள்ளைக் காம்பராவுக்கு மேலே மழைத்தண்ணீர் ஓடுகிற கான் மண் விழுந்து அடைபட்டிருக்கிறது. பெரகலைப் பக்கம் நடந்தது இங்கேயும் நடக்கக் கூடாது என்று, அரை நாள் சம்பளத்தை விட்டுவிட்டுச் சிரமதானத்துக்குப் போகிறார்கள். கொடுக்கக் கையில் வேறு ஒன்றும் இல்லாதவர்களும் அரைப்பேர் கொடுக்கலாம். கடுக்கன் போட்ட பெரியவர் பொன்னையா அண்ணன், அவரும் அங்கேதான்.

தோட்டத்துப் பெட்டியில் நீங்கள் என்ன போட்டீர்கள் என்று சாச்சி அவளிடம் கேட்டார். அவள் வெட்கப்பட்டுக் கூடையை எடுத்துக்கொண்டாள்.

"குடுத்தத வெளிய சொல்றதாக்கா" என்று சொல்லிவிட்டு முன்னால் நடந்தாள்.

*

பிள்ளைக் காம்பராவுக்கு மேலே முப்பது நாற்பது பேர் மண்வெட்டியோடு கானுக்குள் நின்றார்கள். பொன்னையாவைக் கண்டுபிடிக்கச் சாச்சியின் மூளை தேவைப்படவில்லை. எல்லோரும் பகிடி விட்டுச் சிரிக்கும்போது ஒருவர் மட்டும் வாயைக் கையால் பொத்திக்கொண்டு சிரித்தார்.

சாச்சி கைக்குட்டையை விரித்துக் காட்டினார். பொன்னையா மண்வெட்டியைக் கீழே போட்டார். அவர் ஏதோ நீளமாகச் சொன்னார். மேல்பல் இல்லாததால் அதில் பாதி காற்றாகவும் மீதி தூவானமாகவும் வந்தது. நான் முகத்தைத் துடைத்துக்கொண்டேன். ஜெயலெட்சுமிதான் மொழிபெயர்த்தாள். கொடுத்ததைத் திருப்பி வாங்கமாட்டேன் என்கிறாராம்.

திருப்பித் தரவில்லை, சாட்சி சொல்வதற்காக இரவல் தருகிறோம், முடிந்ததும் வாங்கிக்கொள்கிறோம் என்றார் சாச்சி. இரவலாகப் பல் வாங்கிய முதல் மனிதர் உலகத்தில் இவராகத்தான் இருப்பார். பொன்னையா யோசித்தார். பிறகு போத்தல் தண்ணீரில் கழுவி வாய்க்குள் தள்ளினார். டக் என்று ஒரு சத்தம். வாய் நிறைந்து, கன்னம் எழுந்து, மனுசனுக்குப் பத்து வயது குறைந்தது. கானுக்குள் நின்றவர்கள் கைதட்டினார்கள்.

சாட்சி கிடைத்துவிட்டது. சாச்சி ஒவ்வொன்றாகக் கேட்டார். பெட்டியில் முதலில் இருந்தே பிரஷ்தான் இருந்தது என்றார் பொன்னையா. அவருக்கு முன்னால் போட்டவர்கள் பற்பொடி போட்டதை அவர் கண்ணால் பார்த்தார். போர்வை போட்டவர் ஒருவரும் இல்லை என்று கானுக்குள் நின்றவர்களும் சொன்னார்கள். அப்படியானால் ஹிஷாம் திருடவில்லை. எனக்கு அந்த இடத்திலேயே ஓட்டோவைத் திருப்பிக்கொண்டு பறக்க வேண்டும் போலிருந்தது. சாச்சி அசையவில்லை.

"அரைப்பேர் என்டு எழுதினது நீங்களா?"

"ஆமாங்க. மேல்வரிச மட்டுந்தானே குடுத்தேன். முழுப்பேர் போட்டிருந்தா கீழ்வரிசையும் போயிருக்கும். வர்ற மாசம் பேத்தி சடங்கு, ஒரு வடையாவது கடிக்கணும்ல. ஏமாத்திப்புட்டான்னு யாரும் நெனைக்கக் கூடாதுன்னுதான் அரைப்பேர்னு எழுதி வச்சேன்."

கீழ்வரிசையை மட்டும் வைத்துக்கொண்டு வடையை எப்படிக் கடிப்பது என்று நான் கேட்க வாயெடுத்தேன். சாச்சி என் காலை மிதித்தார்.

"ஏன் பல்லக் குடுத்தீங்க? போர்வை, உடுப்பு எதுவும் குடுத்திருக்கலாமே."

"கேட்டது பல்லுதானுங்களே" என்றார் பொன்னையா. சாச்சி விழித்தார். பொன்னையா கொஞ்சம் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "எங்க மச்சான் ஒருத்தரு மீரியபெத்தைத் தோட்டத்துல இருந்தாரு. மண்ணு வந்தப்ப உசுர மட்டும் தூக்கிக்கிட்டு ஓடுனாரு. பல்லு லயத்து வீட்டுலயே போச்சு. எல்லாரும் ரொட்டியும் பிஸ்கட்டும் கொண்டாந்து குடுத்தாங்க, நல்ல மனசுதான். அவரு கையில வச்சிப் பாத்துக்கிட்டே இருந்தாரு. பல்லு வேணும்னு கேக்க வெக்கம். இந்த நோட்டீஸப் படிச்சதும், அட, அந்தக் கஷ்டம் தெரிஞ்ச யாரோ எழுதியிருக்காங்கன்னு நெனச்சேன். கையெடுத்துக் கும்பிட்டேங்க."

அந்த நோட்டீஸை எழுதிய சாச்சி, அதை எனக்குக் காட்டுங்கள் என்றார்.

எல்லோருமாகப் பிள்ளைக் காம்பராச் சுவருக்கு வந்தோம். சாச்சியின் முத்து முத்தான எழுத்து. நாலு மூலைக்கும் கறுப்புத் தலை ஆணி, நடுவில் ஒன்று. பொன்னையா விரலை ஒவ்வொரு சொல்லுக்கும் கீழே வைத்து, பள்ளிக்கூடத்துப் பிள்ளையைப் போலச் சத்தமாகப் படித்தார்.

"மண்சரிவில் பாதிக்கப்பட்ட மக்களுக்குப் பல் பொருட்கள் தேவை."

"பல பொருட்கள்" என்றார் சாச்சி.

"பல் பொருட்கள்" என்றார் பொன்னையா. பின்னால் நின்ற நாற்பது பேரும் பல் என்றுதான் சொன்னார்கள்.

சாச்சி கிட்டப் போனார். மூக்கு சுவரில் முட்டும் அளவுக்குப் போனார். பிறகு பையிலிருந்து தையல் கத்தரிக்கோலை எடுத்து, அதன் நுனியை நடு ஆணியின் தலைக்கு அடியில் கொடுத்து நெம்பினார். ஆணி கையில் வந்தது. சுவரில் 'பல' என்று இருந்தது. ஆணியைத் திரும்ப அதே ஓட்டையில் வைத்தார். 'ல'வுக்கு உச்சியில், அளந்து வைத்தது போல, கன்னங்கரேலென்று ஒரு புள்ளி. பல்.

ஹிஷாம் காற்றுக்குப் பயந்து அடித்த ஐந்தாவது ஆணி அது. கடை வாசலில் இருந்த நோட்டீஸைப் பசையால் ஒட்டியிருந்தார்கள், அதனால்தான் அங்கே போர்வை வந்தது.

நான் சிரித்தேன். ஜெயலெட்சுமி சிரித்தாள். கானுக்குள்ளிருந்து வந்த கூட்டம் முழுக்கச் சிரித்தது. பொன்னையா மட்டும் சிரிக்கவில்லை. இப்போதுதான் சிரிக்கப் பல் வந்திருந்தது, ஆனாலும் சிரிக்கவில்லை.

"அப்ப, அங்க பல்லு இல்லாதவங்க ஒருத்தருமே இல்லீங்களா?" என்று கேட்டார்.

 சாச்சி ஆணியைக் கைக்குட்டையில் முடிந்துகொண்டு, நீங்களும் பதுளைக்கு வாருங்கள் என்று மட்டும் சொன்னார்.

*

கடைக்குள் நாங்கள் நுழைந்தபோது அஸருக்கு அரை மணி நேரம் இருந்தது. வானம் கறுத்துக்கொண்டு வந்தது. ஹிஷாம் துணிக்கட்டுகளுக்கு நடுவில், காலையில் நின்ற அதே இடத்தில் நின்றார். மத்தியானச் சாப்பாட்டுக்கும் வீட்டுக்குப் போகவில்லை என்றார்கள்.

சாச்சி சாட்சியை முன்னால் நிறுத்தினார். பொன்னையாவை வாயைத் திறக்கச் சொன்னார், பல்லைக் கழற்றச் சொன்னார், மாட்டச் சொன்னார். ஹாஜியார் இரண்டாவது தடவை தலையைத் திருப்பிக்கொண்டார். பிறகு சாச்சி வாசலில் ஒட்டியிருந்த நோட்டீஸை அவரைப் படிக்கச் சொன்னார். பல பொருட்கள் என்று படித்தார். சாச்சி முடிச்சை அவிழ்த்து ஆணியை எடுத்து 'ல'வின் தலையில் வைத்தார்.

"இப்பப் படிங்க."

 பல் பொருட்கள் என்று ஹாஜியார் இரண்டு முறை படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மூன்றாம் முறையும் படித்தார்.

"எல்லாருக்கும் முன்னால கள்ளன் என்டீங்க" என்றார் சாச்சி. "எல்லாருக்கும் முன்னால இல்லை என்டும் சொல்லுங்க."

ஹாஜியார் கோபக்காரர்தான், ஆனால் அல்லாஹ்வுக்குப் பயந்தவர். ஹிஷாமின் கையைப் பிடித்துக்கொண்டார். தான் அவசரப்பட்டுவிட்டதாக, காலையில் இருந்த கூட்டத்தைவிடப் பெரிய கூட்டத்தின் முன்னால், காலையில் கத்தினதைவிடச் சத்தமாகச் சொன்னார். ஹிஷாம் அழுதார். நானும் கொஞ்சம் அழுதேன். தூசி என்று சொல்லிச் சமாளித்துவிட்டேன்.

அடுத்தது பிரஷ்களை என்ன செய்வது என்ற கேள்வி. பெரகலைப் பள்ளிக்கூட முகாமைப் பார்த்துக்கொள்ளும் தயானி என்ற பெண்ணுக்கு ஹாஜியார் போன் எடுத்து, ஒரு சின்னத் தவறு நடந்துவிட்டது, வேண்டாத சாமான் ஒரு பெட்டி இருக்கிறது என்று இழுத்தார். ஒலிபெருக்கியில் எல்லோருக்கும் கேட்டது.

"போர்வ வச்சிப் படுக்கவே எடமில்லீங்க, ஆளுக்கு மூணு இருக்கு. அரிசி வேணும். ஆனா அஞ்சு நாளா ஒருத்தர்கிட்டயும் பிரஷ் இல்ல, எல்லாரும் வெரலாலதான் தேய்ச்சிக்கிட்டிருக்கோம். இது யாருக்குங்க தோணுச்சு?"

ஹாஜியார் ஒரு விநாடிகூடத் தயங்கவில்லை. "எங்கட சங்கம் ஆரம்பத்திலேயே யோசிச்ச விஷயம்" என்றார்.

சாச்சி போனைப் பறித்துக்கொண்டார். பல் செட்டைத் தொலைத்தவர்கள் அங்கே இருக்கிறார்களா என்று கேட்டார். ஏழு பேர் இருக்கிறார்கள் என்றாள் தயானி. சோற்றைக் குழைத்துக் கொடுப்பதாகவும், வெட்கத்தில் அவர்கள் வெளியே சொல்வதில்லை என்றும் சொன்னாள். பொன்னையா உடனே மேல்பல்லைக் கழற்றக் கையைக் கொண்டுபோனார்.

"அது உங்கட வாய்க்கு அளவெடுத்தது. என் தையல் மெஷின்ல வச்சுப் பல்லுக்கு ஓரமடிக்க ஏலாது" என்று சாச்சி தடுத்தார். பிறகு பக்கத்துக் கட்டடத்துப் பல் வைத்தியர் முன்ஸிப் டொக்டரிடம் போய், ஐந்து நிமிடத்தில் திரும்பி வந்தார். வருகிற சனிக்கிழமை மத்தியானத்தோடு டிஸ்பென்சரியை மூடிவிட்டு, பெரகலைக்குப் போய் ஏழு பேருக்கும் அளவெடுக்க டொக்டர் சம்மதித்துவிட்டார்.

"டாக்டரும் அரைப்பேரா" என்றார் பொன்னையா, திருப்தியாக. இரவல் பல்லை அவர் திருப்பித் தரவுமில்லை, யாரும் கேட்கவுமில்லை.

அப்போது மழை பிடித்தது. பதுளை மழைக்கு முன்னறிவிப்பு கிடையாது. லொறியில் அரிசி மூட்டைகளும் பற்பசைப் பெட்டியும் திறந்து கிடந்தன. மூடுவதற்குப் படங்கு கொண்டுவர மறந்துவிட்டதாகச் சாரதி தலையைச் சொறிந்தான்.

சாச்சி வாசலுக்குப் போய், லொறியின் பக்கவாட்டில் கட்டியிருந்த பன்னிரண்டு அடி பெனரைப் பார்த்தார். பிறகு ஹாஜியாரைப் பார்த்தார்.

"தோட்டத்தில பேரைக் குடுக்கிறாங்க ஹாஜியார். நாங்க டவுனில பேரைப் போடுறோம்."

 ஹாஜியார் மழைக்குள் இறங்கினார். வெள்ளை ஜுப்பா உடம்போடு ஒட்டிக்கொண்டது. ஒரு முனையை அவர் அவிழ்த்தார், மறுமுனையை ஹிஷாம் அவிழ்த்தார். இருவருமாக லொறியில் ஏறி, எழுத்து உள்பக்கம் இருக்கும்படி பெனரைத் திருப்பி, அரிசி மூட்டைகளுக்கு மேல் இழுத்துக் கட்டினார்கள். வெளியே ஓர் எழுத்துகூடத் தெரியவில்லை. ஓரத்தை ஆணி அடித்து இறுக்கட்டுமா என்று ஹிஷாம் கேட்டபோது மட்டும் நாங்கள் அத்தனை பேரும் ஒரே குரலில் வேண்டாம் என்றோம்.

பள்ளிவாசலில் பாங்கு தொடங்கியது. பொன்னையா கடை வாசலில் நின்று, நனைந்துபோன ஹாஜியாரைப் பார்த்து வாய் நிறையச் சிரித்தார்.

"இப்பத்தாங்க மொதலாளிக்கு முழுப்பேரு."